மேடேறும் டீசல் டிரக்கு: பாரம் இழுக்க ஏற்ற ‘டியூன்’ எது?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கொலராடோ ஆற்றின் குறுக்கே கட்டப்பட்டுள்ள டேவிஸ் அணைக்கு அருகிலிருந்து ஒரு நெடுஞ்சாலை கிழக்கு நோக்கி மலையேறுகிறது. 11.4 மைல், அதாவது சுமார் 18 கிலோமீட்டர் தொலைவுக்குள் அச்சாலை ஏறத்தாழ 3,000 அடி உயர்ந்துவிடுகிறது. பாலைநிலம், கோடையில் வெப்பநிலை 100 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டுவது அங்கே சாதாரணம். வழிப்போக்கர் கண்ணுக்கு இது வெறும் சாலை. மோட்டார் எஞ்சினியர்களுக்கோ இது ஒரு பரீட்சைக் கூடம்.

டிரெயிலரை இழுக்கும் வண்டிகள் எவ்வளவு பாரம் இழுக்க வல்லவை என்பதை நிர்ணயிக்க, மோட்டார் எஞ்சினியர்களின் சங்கமான எஸ்.ஏ.இ. 2008-ஆம் ஆண்டில் ‘ஜே 2807’ என்னும் நியமத்தை வெளியிட்டது. இந்த நியமத்தின்படி, வண்டி தனக்கு விதிக்கப்பட்ட முழுப் பாரத்துடன் இந்த மேட்டை ஏற வேண்டும். வெளிக்காற்றின் வெப்பநிலை 100 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் குறையலாகாது. வண்டிக்குள் குளிர்சாதனமும் முழு அளவில் இயங்க வேண்டும். பின் அச்சில் பக்கத்துக்கு ஒரு சக்கரம் உடைய வண்டி, மணிக்கு 40 மைல் வேகத்துக்குக் கீழே இறங்காமல் உச்சியை அடைய வேண்டும். வழியில் எந்த உறுப்பும் பழுதடையலாகாது.

இந்தப் பரீட்சையில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. எஞ்சின் ஒரு கணத்தில் எவ்வளவு பலம் காட்டும் என்று அது கேட்பதில்லை. கால் மணி நேரம் தொடர்ந்து எவ்வளவு பலத்தைத் தாங்கும் என்றே கேட்கிறது. டீசல் டிரக்கின் எஞ்சினுக்கு ‘டியூன்’ தேர்ந்தெடுப்பவர் அனைவரும் மனத்தில் இருத்த வேண்டிய கேள்வியும் இதுவே.

‘டியூன்’ என்பது யாது?

அமெரிக்காவில் பிக்கப் டிரக்கு என்று வழங்கும் திறந்த பெட்டி வண்டிகள் குடியானவர்களிடமும் கட்டிட வேலைக்காரர்களிடமும் பெருவாரியாக உள்ளன. குதிரைகளை ஏற்றிய டிரெயிலர், வைக்கோல் கட்டுகள், படகு, வீடு போன்ற உல்லாச வண்டி ஆகிய எல்லாவற்றையும் இவை பின்னால் பூட்டி இழுத்துச் செல்கின்றன. இவ்வேலைக்குப் பெட்ரோல் எஞ்சினைக் காட்டிலும் டீசல் எஞ்சினையே பலர் விரும்புகின்றனர். தாழ்ந்த சுழற்சி வேகத்திலேயே மிகுந்த முறுக்குவிசை தருவது அதன் இயல்பு.

1989-ஆம் ஆண்டின் டாட்ஜ் டிரக்கில் பொருத்தப்பட்ட கம்மின்ஸ் டீசல் எஞ்சின் 160 குதிரைத்திறனும் 400 பவுண்டு-அடி முறுக்குவிசையும் உடையது. 2023-ஆம் ஆண்டில் ஃபோர்டு நிறுவனம் அளித்த 6.7 லிட்டர் டீசல் எஞ்சினின் உயர்திறன் வகையோ 500 குதிரைத்திறனையும் 1,200 பவுண்டு-அடியையும் எட்டியது. முப்பத்துநான்கு ஆண்டுகளில் முறுக்குவிசை மும்மடங்காயிற்று. இந்த வளர்ச்சிக்கு உலோகத்தின் உறுதி ஒரு காரணம். எரிபொருளை அளந்து செலுத்தும் முறையில் ஏற்பட்ட புரட்சி மற்றொரு காரணம்.

ருடால்ஃப் டீசல் 1897-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய எஞ்சினில் தீப்பொறிக்கு வேலை இல்லை. சிலிண்டருக்குள் காற்று பலமாக அமுக்கப்பட்டுச் சூடேறுகிறது. அச்சூட்டில் எண்ணெய் பீச்சப்பட்டதும் தானே பற்றிக்கொள்கிறது. பெட்ரோல் எஞ்சினில் காற்றின் வழியைத் திறந்தும் மூடியும் பலத்தைக் கட்டுப்படுத்துவர். டீசல் எஞ்சினிலோ பீச்சப்படும் எண்ணெயின் அளவே பலத்தை முதன்மையாக நிர்ணயிக்கிறது. ஆகவே, பலம் வேண்டுமெனில் எண்ணெயைக் கூட்டு என்பது டீசல் மெக்கானிக்குகளின் பழைய பாடம்.

முற்காலத்து எஞ்சின்களில் இந்த வேலையைப் பம்பிலுள்ள ஒரு திருகைத் திருப்பியே செய்துவிட்டனர். இன்றைய ‘காமன் ரெயில்’ முறையில் எண்ணெய் ஒரு பொதுக் குழாயில் மிகுந்த அழுத்தத்துடன் காத்திருக்கிறது. எந்த இன்ஜெக்டர் எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஆணையிடுகிறது. அப்பெட்டியின் நினைவகத்தில் எண்கள் நிறைந்த அட்டவணைகள் உள்ளன. எண்ணெயின் அளவு, பீச்சும் நேரம், குழாயின் அழுத்தம், டர்போ அளிக்கும் காற்றழுத்தம், கியர் மாறும் இடம் ஆகிய யாவும் அவற்றில் அடங்கும். தொழிற்சாலை எழுதிய அட்டவணைகளை நீக்கிவிட்டு, வேறு எண்களை எழுதுவதே ‘டியூன்’ செய்தல் எனப்படுகிறது.

இத்தகைய டியூன்கள் பல தரங்களில் விற்கப்படுகின்றன. எண்ணெய்ச் சிக்கனத்துக்கு ஒன்று, பாரம் இழுப்பதற்கு ஒன்று, அன்றாட ஓட்டத்துக்கு ஒன்று, பந்தயத்துக்கு ஒன்று என அவை பெயர் பெற்றுள்ளன. பெயரைக் கண்டு மயங்காமல், உள்ளே மாறுவது என்ன என்று அறிவதே புத்திசாலித்தனம்.

மேடு கேட்கும் பலம்

டிரக்கும் டிரெயிலரும் சேர்ந்து 9 டன் எடை என்று கொள்வோம். சமதரையில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல, டயர்களின் உருளல் தடையையும் காற்றின் தடையையும் வென்றால் போதும். இதற்குச் சக்கரங்களில் வேண்டியது ஏறத்தாழ 65 குதிரைத்திறனே. டேவிஸ் அணை மேட்டின் சராசரி ஏற்றம் நூற்றுக்கு ஐந்து. அதே வேகத்தில் அதில் ஏற, ஏறத்தாழ 200 குதிரைத்திறன் வேண்டும். சமதரையில் தேவைப்பட்டதைப் போல் இது மும்மடங்கு. வேகத்தை 60 கிலோமீட்டராகக் குறைத்தால், தேவை 135 குதிரைத்திறனாக இறங்கிவிடுகிறது.

இக்கணக்கு இரண்டு உண்மைகளைக் காட்டுகிறது. முதலாவது, இன்றைய எஞ்சின்களில் பெரும்பாலானவை தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையிலேயே இந்த மேட்டுக்குப் போதிய பலம் உடையவை. இரண்டாவது, வேகத்தைச் சற்றே குறைப்பதால் கிடைக்கும் ஆறுதல் எந்த டியூனாலும் கிடைக்கும் ஆதாயத்துக்குக் குறைந்ததன்று.

எஞ்சின் எண்ணெயிலுள்ள சக்தியில் சுமார் 40 சதவீதத்தையே வேலையாக மாற்றுகிறது, எஞ்சியது வெப்பம். கியர்பெட்டியிலும் அச்சிலும் ஏற்படும் நஷ்டத்தையும் சேர்த்தால், சக்கரங்களில் 200 குதிரைத்திறன் கிடைக்கும்போது எஞ்சினிலிருந்து ஏறத்தாழ 250 கிலோவாட் வெப்பம் வெளியேறியாக வேண்டும். இரண்டு கிலோவாட் மின் அடுப்புகள் நூற்றிருபத்தைந்தை ஒரே வேளையில் எரித்தால் உண்டாகும் வெப்பம் இது. இதில் பெரும்பகுதி புகையோடு போகிறது. மற்றொரு பெரும்பகுதியை ரேடியேட்டர் நீர் ஏற்றுக்கொள்கிறது. டியூன் செய்து பலத்தைக் கூட்டலாம். ரேடியேட்டரின் அளவைக் கூட்ட டியூனால் இயலாது.

புகையின் வெப்பநிலை

ஒரு கிலோ டீசல் முழுவதும் எரிய ஏறத்தாழ 14.5 கிலோ காற்று வேண்டும். சிலிண்டருக்குள் எண்ணெயும் காற்றும் ஒருசீராகக் கலக்க நேரம் போதாது. ஆகையால் டீசல் எஞ்சினுக்கு இதைவிட மிகுதியான காற்று எப்போதும் தேவை. மிகுதிக் காற்று எரிவதற்கு உதவுவதோடு, உண்டான வெப்பத்தைப் பங்கிட்டுக் கொள்ளவும் செய்கிறது. எண்ணெயை மட்டும் கூட்டிக் காற்றைக் கூட்டாவிடில் இந்த மிகுதி கரைந்துபோகும். சுவாலையின் சூடு புகைக்குழாய் வரை நீளும். எரியாத கரி கறும்புகையாக வெளிப்படும். பந்தய டியூன் போட்ட வண்டிகளின் பின்னால் எழும் கருமேகத்தைச் சிலர் பலத்தின் அடையாளமாகக் கருதுகின்றனர். உண்மையில் அது காசு கொடுத்து வாங்கிய எண்ணெய் வீணாவதன் அடையாளமே.

புகையின் வெப்பநிலையை அளக்கப் பைரோமீட்டர் என்னும் கருவி உண்டு. இதன் முனையை டர்போவுக்கு முன்னால், புகை வெளியேறும் வார்ப்புக் குழாயில் பொருத்துவர். பாரம் இழுத்து நெடுநேரம் மேடேறும்போது இக்கருவி 1,250 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல், அதாவது சுமார் 675 டிகிரி செல்சியசுக்கு மேல், நிலைத்து நிற்க விடலாகாது என்பது அனுபவசாலிகள் பலர் கைக்கொள்ளும் எல்லை. காரணம் வெளிப்படை. பல எஞ்சின்களில் பிஸ்டன்கள் அலுமினியக் கலவையால் ஆனவை. தூய அலுமினியம் உருகுவதே 660 டிகிரி செல்சியசில். அடிப்புறத்தில் பீச்சப்படும் மசகெண்ணெய் பிஸ்டனைக் குளிர்விப்பதால்தான் அது பிழைக்கிறது. சில விநாடிகள் தோன்றி மறையும் சூட்டை உலோகம் பொறுத்துக்கொள்ளும். கால் மணி நேரம் நீடிக்கும் சூட்டில் பிஸ்டனின் விளிம்பு இளகும். டர்போவின் சக்கர இதழ்கள் தளரும்.

டைனமோமீட்டர் என்னும் பரீட்சை யந்திரத்தில் ஒரு வண்டியை ஓட்டி அதன் உச்ச பலத்தைக் கண்டறிய அரை நிமிடமும் ஆவதில்லை. அந்த யந்திரம் தரும் கடுதாசியில் எவ்வளவு பெரிய எண் அச்சாகியிருந்தாலும், மேட்டில் பதினைந்தாம் நிமிடத்தில் நிகழப்போவதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. டியூனை வாங்கும்முன் பைரோமீட்டரை வாங்குவதே முறை.

சூடு குறைந்தால் அழுத்தம் கூடும்

எண்ணெய் பீச்சும் நேரத்தைச் சற்று முன்னதாக அமைத்தால், பிஸ்டன் கீழே இறங்கும் முழு வீச்சிலும் எரிவாயு விரிந்து வேலை செய்ய அவகாசம் கிடைக்கிறது. புகையின் சூடு குறைகிறது. எண்ணெயும் ஓரளவு மிச்சமாகிறது. பாரம் இழுப்பதற்கென்று தயாரிக்கப்படும் நல்ல டியூன்கள் இம்முறையை அளவோடு கையாளுகின்றன.

எனினும் இதற்கும் ஒரு விலை உண்டு. பிஸ்டன் இன்னும் மேலேறிக் கொண்டிருக்கும்போதே எரிதல் தொடங்குவதால், சிலிண்டருக்குள் உச்ச அழுத்தம் ஏறுகிறது. அளவு மீறினால் ஹெட் கேஸ்கெட் கிழியும். கனெக்டிங் ராடு வளையும். காற்றிலுள்ள நைட்ரஜன் ஆக்சிஜனுடன் கூடி உண்டாக்கும் நச்சு ஆக்சைடுகளும் பெருகும். சூட்டைக் குறைத்தால் அழுத்தம் கூடுகிறது. அழுத்தத்தைக் குறைத்தால் சூடு கூடுகிறது. பாரம் ஒரு தோளிலிருந்து மற்றொரு தோளுக்கு மாறுகிறதே ஒழிய, மறைந்துபோவதில்லை. டியூன் எழுதுபவரின் திறமை, எந்தத் தோளும் ஒடியாதவாறு பாரத்தைப் பங்கிடுவதில் உள்ளது.

கியரின் பங்கு

பலம் என்பது முறுக்குவிசையையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கினால் வருவது. ஒரே பலத்தை 1,600 சுழற்சியிலும் பெறலாம். 2,400 சுழற்சியிலும் பெறலாம். தாழ்ந்த சுழற்சியில் பெற்றால், ஒவ்வொரு வீச்சிலும் மிகுதியான எண்ணெயைத் திணிக்க வேண்டும். அழுத்தமும் சூடும் ஏறும். ஒரு கியர் குறைத்து உயர்ந்த சுழற்சியில் பெற்றால், ஒவ்வொரு வீச்சுக்கும் எண்ணெய் குறைவு. டர்போ மிகுதியான காற்றைத் தருகிறது. நீர்ப் பம்பும் விசிறியும் விரைந்து சுழல்கின்றன. மேட்டில் பைரோமீட்டர் முள் ஏறக் கண்ட ஓட்டுநர் கியரை ஒன்று குறைத்தால், முள் இறங்குவதைக் கண்ணாரக் காணலாம்.

ஆகவே பாரம் இழுக்கும் டியூனில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. தாழ்ந்த சுழற்சியில் முறுக்குவிசையைக் கட்டுப்படுத்தியிருக்க வேண்டும். தானியங்கிக் கியர்பெட்டி உள்ள வண்டியில், டார்க் கன்வர்ட்டர் வழுக்காமல் பூட்டிக்கொள்ளும் இடம் சரியாக இருக்க வேண்டும். கியர் பெட்டி மேட்டில் அடிக்கடி மேலும் கீழும் மாறித் தத்தளிக்கலாகாது. ஒவ்வொரு வழுக்கலும் கியர் எண்ணெயைச் சூடாக்கும். எஞ்சினின் பலத்தைக் கூட்டிய பலர் முதலில் இழந்தது எஞ்சினை அன்று. கியர்பெட்டியின் கிளச்சுத் தகடுகளையே.

உயர்ந்த மலைச் சாலைகளில் வேறொரு தொல்லை சேருகிறது. கொலராடோ மாநிலத்து ஐசனோவர் சுரங்கச் சாலை கடல் மட்டத்துக்கு 11,000 அடிக்கும் மேலே உள்ளது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கே. குறைந்த காற்றை ஈடுசெய்ய டர்போ மேலும் விரைந்து சுழல்கிறது. சமவெளியில் எழுதிச் சோதித்த டியூன், உயரத்தில் எண்ணெயைக் குறைக்கத் தெரியாததாயின், புகை சூடேறுவதோடு டர்போவும் தன் வேக எல்லையை மீறும். வண்டி எந்த உயரத்தில் உழைக்கப்போகிறது என்பதையும் கேட்டறிந்தே டியூனைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

புகையும் சட்டமும்

2007-ஆம் ஆண்டிலிருந்து அமெரிக்காவில் விற்பனையான புதிய டீசல் டிரக்குகளில் கரித்துகள்களைப் பிடிக்கும் வடிகட்டி இடம் பெற்றது. பின்னர் யூரியாக் கரைசலைப் பீச்சி நைட்ரஜன் ஆக்சைடுகளை மாற்றும் அமைப்பும் பரவலாயிற்று. இவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு, அவை இல்லாமலே ஓடும்படி எழுதப்பட்ட டியூன்களும் சந்தையில் புழங்கின. அமெரிக்கத் தூய காற்றுச் சட்டம் இதனைத் தடை செய்கிறது. அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீடு ஒன்று, அதற்கு முந்திய பத்தாண்டுகளில் 5,50,000-க்கு மேற்பட்ட டீசல் பிக்கப் டிரக்குகள் இவ்வாறு மாற்றப்பட்டன என்று கூறியது. அவ்வண்டிகள் தம் ஆயுட்காலத்தில் வெளியிடும் மிகுதியான நைட்ரஜன் ஆக்சைடுகள் 5,70,000 டன்னைத் தாண்டும் என்றும் அது கணக்கிட்டது. இந்த வாயு நுரையீரலைத் தாக்குவது. வெயிலில் தரையோர ஓசோனையும் புகைமூட்டத்தையும் உண்டாக்குவது. ஒரு வண்டியின் மேட்டுப் பலத்துக்காகச் சாலையோரத்துக் குழந்தைகளின் மூச்சை விலை பேசுவது நியாயமாகாது.

சட்டத்துக்கு உட்பட்ட டியூன்களும் கிடைக்கவே செய்கின்றன. கலிபோர்னியா மாநிலத்துக் காற்றுவள வாரியம் இத்தகைய கருவிகளைப் பரிசீலித்து, புகையின் தூய்மையைக் கெடுக்காதவற்றுக்கு ஆணை எண் வழங்குகிறது. அந்த எண் உள்ளதா என்று கேட்பதே வாங்குபவரின் முதற் கேள்வியாக இருத்தல் வேண்டும்.

டியூன் மாற்றாதவை

டிரக்கு இழுக்கக்கூடிய பாரத்தின் எல்லையை எஞ்சின் மட்டும் நிர்ணயிப்பதில்லை. சட்டம், அச்சு, டயர், பிரேக்கு, டிரெயிலரைப் பூட்டும் கொக்கி ஆகிய அனைத்தும் சேர்ந்தே நிர்ணயிக்கின்றன. 50 குதிரைத்திறன் கூடியதனால் ஒரு டன் அதிகம் பூட்டலாம் என்று எண்ணுவது ஆபத்தான தவறு. ஏறிய மேட்டில் இறங்கவும் வேண்டுமன்றோ? இறக்கத்தில் 9 டன் எடை முன்னால் தள்ளும்போது, பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தினால் அது சூடேறித் தன் பிடியை இழக்கும். புகையின் வழியைக் குறுக்கி எஞ்சினையே தடையாக மாற்றும் எக்சாஸ்ட் பிரேக்கு இங்கேதான் உயிர் காக்கிறது. இந்த வசதியை முடக்காத டியூனே பாரம் இழுப்பதற்குத் தகுதியுடையது.

தேர்ந்தெடுக்கும் முறை

மேற்கூறியவற்றைத் தொகுத்துப் பார்த்தால், டியூனைத் தேர்ந்தெடுக்கும் முறை தெளிவாகிறது. முதலில் வண்டியும் டிரெயிலரும் பாரத்துடன் எவ்வளவு எடை என்பதை எடை மேடையில் நிறுத்தி அறிய வேண்டும். புகை, எஞ்சின் நீர், கியர் எண்ணெய் ஆகிய மூன்றின் வெப்பநிலையைக் காட்டும் கருவிகளைப் பொருத்த வேண்டும். தொழிற்சாலை அளித்த இழுவை நிலையிலேயே வழக்கமான மேட்டில் ஒருமுறை ஏறி, மூன்று அளவுகளையும் குறித்துக்கொள்ள வேண்டும். போதிய வேகம் கிடைத்து, அளவுகளும் எல்லைக்குள் நின்றால், மாற்றத்துக்குத் தேவையே இல்லை.

குறை தோன்றினால், அளவாகப் பலம் கூட்டுவதும், ஆணை எண் பெற்றதுமான இழுவை டியூனை நாடலாம். அதைப் போட்ட பின் அதே மேட்டில், அதே பாரத்துடன், அதே வேகத்தில் மீண்டும் ஏறி அளவுகளை ஒப்பிட வேண்டும். வேகம் கூடாமலே புகையின் சூடு குறைந்து, கியர் எண்ணெயும் ஏறாமல் நின்றால், அந்த டியூன் நன்று. வேகம் மிகுந்து மூன்று முட்களும் ஏறினால், அது பந்தயத்துக்குரியதே; பெயர் எதுவாயினும் ஆகுக. தயாரிப்பாளரின் உத்தரவாதத்தை இம்மாற்றம் பாதிக்கக்கூடும் என்பதையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நலம். உச்சியை அடைந்ததும் எஞ்சினை உடனே நிறுத்தாமல், சில நிமிடங்கள் மெல்ல ஓடவிடுவது டர்போவின் ஆயுளை நீட்டிக்கும். சூடான தாங்கியில் தேங்கும் மசகெண்ணெய் கரியாவதை அது தடுக்கிறது.

பாரவண்டி மாட்டைக் கையாளத் தெரிந்தவன் மேட்டில் சாட்டையை ஓங்குவதில்லை. மாட்டின் மூச்சைக் கவனித்தே நடத்துகிறான். டீசல் எஞ்சினின் மூச்சு அதன் புகை. அதன் சூட்டைக் கவனித்து ஓட்டுபவரின் வண்டி, அணையடியிலிருந்து கணவாய் உச்சிவரை பாரத்தைச் சேதமின்றிக் கொண்டு சேர்க்கும். மறுநாள் இன்னொரு பாரத்துக்கும் ஆயத்தமாக நிற்கும்.